விலாசத்தில் மட்டும் இருப்பவர்

செப்டம்பர் 3, செவ்வாய்

டோன்காவுக்கு மூக்கு ஒழுகுகிறது. யாகோவ் என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்து அறுத்தே விட்டான். ரோக்கோ மத்தியானம் தூங்க மாட்டேன் என்று ஒரே ஆர்ப்பாட்டம். அவன் கத்தலில் மற்ற இரண்டும் எழுந்துவிட்டன. காகித ஆலையில் மெஷினோடு மல்லுக்கட்டிய நாட்களே தேவலை என்று தோன்றியது. பொய். அப்படி ஒன்றும் தோன்றவில்லை. ஆலையை மூடியபோது நான் அழுத அழுகைக்கெல்லாம் சேர்த்து பகலில் என்னிடம் விட்டுப்போகிற இந்த மூன்று பிள்ளைகளும் என்னைச் சிரிக்க வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் டோன்காவைக் கூட்டிப்போக வந்த அவள் அம்மா தேயா ஒரு சேதி சொன்னாள். வருஷப் பிறப்பிலிருந்து வீட்டில் வைத்து அடுத்தவர் பிள்ளைகளைப் பார்க்கிற எல்லோரும் பதிவு செய்திருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் பார்க்கிறவளுக்கு அபராதம், பெற்றவர்களுக்கு நகராட்சி உதவி கிடையாது.

"தேத்தா, நீங்க பதிவு பண்ணிடுவீங்கல்ல? இல்லன்னா இவளை நான் எங்க விடுறது? ஆஸ்பத்திரியில ஷிஃப்ட் மாத்தித் தர மாட்டேங்கிறாங்க. நகராட்சிக் காப்பகத்துல அடுத்த வருஷமும் இடம் இல்லையாம்."

பிள்ளைகள் என்னை தேத்தா என்பார்கள், அத்தை என்கிற மாதிரி. பெற்றவர்களுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

"பண்ணாம என்ன? ஒரு காகிதத்துக்குப் பயப்படுறவளா நான்?" என்றேன். அவள் போன பிறகு கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

பதிவு செய்கிற ஆபீசுக்குப் போய் விதிகளை வாங்கி வந்தேன். பால்கனிக்கு வலை. ஜன்னலுக்கெல்லாம் பூட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் படுக்கை. மருத்துவச் சான்று, முதலுதவிப் பயிற்சி. சாராய பாட்டில்கள் பூட்டிய அலமாரியில். பால்கனியில் இருக்கும் என் அரளிச் செடி வெளியேற வேண்டும், விஷமாம். அம்மா வைத்த செடி அது, இத்தனை வருஷத்தில் ஒரு பூனைகூட அதைக் கடித்ததில்லை. ஆனாலும் யாகோவ் எதையும் வாயில் வைப்பான். சரி, போகட்டும்.

கீழ்வீட்டு ஸ்மில்யாவும் இரண்டு பிள்ளைகளைப் பார்க்கிறாள். அவள் அசையவே இல்லை.

"யாருடி வந்து கேக்கப்போறா? ரெண்டும் என் பேரப் பிள்ளைங்கன்னு சொல்லிட்டுப் போறேன்."

"உனக்குக் கல்யாணமே ஆகலையேடி!"

"அதைக் கேக்கிற அளவுக்கு அவங்களுக்கு நேரம் இருக்கா?" என்று சிரித்தாள். அவளுக்குத் துணிச்சல். எனக்கு அது வராது.

செப்டம்பர் 22, ஞாயிறு

லூயோ சாப்பிட வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் லூயோதான். எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர், எங்கள் கூம். ரத்த உறவைக்கூட இங்கே விட்டுவிடலாம், கூம் உறவை விட முடியாது. நான் அவருக்குக் கூமா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். இப்போது ஊருக்கு மேலே, மலைச் சரிவில், பழைய தோட்டக் குடிசை ஒன்றில் இருக்கிறார். அந்தக் குடிசைக்கு எண்ணும் கிடையாது, விலாசமும் கிடையாது.

வழக்கம்போல இரண்டு தட்டு மீன் குழம்பு. "கூமா, நீ இப்படியே சமைச்சா நான் சாகவே மாட்டேன்" என்றார். பிறகு ட்ராகோவோடு சீட்டு. என் வீட்டுக்காரன் வாரம் முழுக்க வாயைத் திறக்க மாட்டான். லூயோ வந்தால் மட்டும் கள்ள ஆட்டம் ஆடுகிறான் என்று கத்துவான். கத்துகிறவன்தான் கள்ள ஆட்டம் ஆடுகிறவன்.

நகராட்சி வீட்டுக்கான வரிசையில் லூயோ மேலே வந்துவிட்டாராம். "அடுத்த வருஷம் எனக்கும் ஒரு குளியலறை, கூமா. வெந்நீரோட."

அக்டோபர் 1, செவ்வாய்

விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. முதலுதவிப் பயிற்சியும் முடிந்தது. ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்து அழுத்து என்று அழுத்தியதில் தோள்பட்டை விட்டுப்போயிற்று. வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற இடத்தில் இரண்டு என்று எழுதினேன். நான், ட்ராகோ. மகள் தலைநகர் ஜாக்ரெப்புக்குப் போய் அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டாள்.

அக்டோபர் 14, திங்கள்

ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். ரோக்கோவின் பாட்டியைக் கெஞ்சிப் பிள்ளைகளோடு உட்காரவைத்துவிட்டு ஓடினேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தன்மையாகத்தான் பேசினாள். என் மகள் வயது இருக்கும்.

"வீட்டுல ரெண்டு பேருன்னு எழுதியிருக்கீங்க. கம்ப்யூட்டர்ல மூணு பேரு காட்டுதே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பெயரைப் படித்தாள். லூயோ.

"அவரு எங்க வீட்டுல இல்லீங்க. விலாசம் மட்டும்தான் எங்களது."

"விலாசத்துல இருந்தா வீட்டுல இருக்கிறதாத்தான் கணக்கு. அவர் மேல தீர்ப்பு ஒண்ணு இருக்கு. குடும்பத்துக்குள்ள வன்முறை. இப்படி ஒருத்தர் இருக்கிற வீட்டுக்குப் பதிவு கிடையாது."

ஐயோ, இது என் மூளைக்கு எட்டவே இல்லையே! இந்த ஊரில் எந்த வீட்டு விலாசத்தில்தான் கூடுதலாக ஓர் ஆள் இல்லை? ஸ்மில்யாவின் விலாசத்தில் ஜெர்மனியில் லாரி ஓட்டும் அவள் தம்பி. மேல்மாடிக்காரர் விலாசத்தில் போஸ்னியாவிலிருந்து ஒரு மாமா, பென்ஷன் நாளன்று மட்டும் வருவார். மனைவி ரூஜாவைப் பிரிந்து லூயோ வீடில்லாமல் நின்றபோது நாங்கள் எங்கள் விலாசத்தைக் கொடுத்தோம். அதில்தான் அவருக்கு உதவிப் பணம், மருத்துவ அட்டை, நகராட்சி வீட்டு வரிசை எல்லாம். ஒரு கோப்பைக் காப்பி கொடுக்கிற மாதிரி கொடுத்தோம், அதோடு மறந்தும் போனோம். வீட்டில் யார் என்று கேட்டால் சோறு போடுகிறவர்களைத்தானே எண்ணுவோம்?

பொய்த் தகவல் என்று இன்றைக்கே விண்ணப்பத்தை மூடியிருக்கலாமாம். டிசம்பர் வரை நேரம் கொடுத்தாள். அவரே வேறு விலாசத்துக்கு மாற வேண்டும். அல்லது வீட்டுக்குச் சொந்தக்காரியான நான், 'இவர் இங்கே வசிக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தால் போலீஸ் வந்து பார்த்துவிட்டு நீக்கிவிடும்.

அக்டோபர் 15, செவ்வாய்

வேலை ஓடவில்லை. யாகோவுக்குக் கஞ்சி ஊட்டும்போது அவன் அம்மாவை நினைத்தேன். தன் பிள்ளையை விட்டுப்போகிற வீட்டில் பெண்டாட்டி கையை முறித்த ஒருவன் பெயர் இருக்கிறது என்று தெரிந்தால் அவளுக்கு எப்படி இருக்கும்?

ஆமாம், முறித்தார். ரூஜா மணிக்கட்டில் கட்டோடு என் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்தேன். குடித்திருந்தாராம், ஒரே ஒரு தடவைதானாம். சிறைக்கு அனுப்பவில்லை, எச்சரித்து விட்டார்கள், அதன் பிறகு அவர் சாராயத்தைத் தொடவும் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டு கட்டுதானே. விதி எழுதினவர்கள் மேல் கோபம் வந்தால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். வரமாட்டேன் என்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

லூயோவிடம் நேராகக் கேட்க முடியாது. கூமிடம் போய் 'எங்கள் விலாசத்தைவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எந்த வாயால் சொல்வது? வாசலைக் காட்டுகிற மாதிரி அது. கேட்கக் கூடாது, அவராகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆகவே சாப்பாட்டு மேஜையில் ஜாடையாகப் பேச்சை எடுத்தேன்.

"இந்தப் பதிவுக்கு என்னென்ன கேக்கிறாங்க தெரியுமா? வீட்டுல யாரு, விலாசத்துல யாருன்னு கம்ப்யூட்டர்ல தோண்டித் தோண்டிப் பார்க்கிறாங்களாம்."

லூயோ ரொட்டியைப் பிட்டுக் குழம்பில் தொட்டார். "அரசாங்கத்துக்கு வேற வேலை என்ன, கூமா?"

"யாரு பேருல என்ன தீர்ப்பு இருக்குன்னுகூட..."

அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ரொட்டிக் கூடையை நகர்த்தி வைத்தேன். ட்ராகோ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். லூயோ கையிலிருந்த ரொட்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு பால்கனிக்கு வலை யார் போடுகிறார்கள், வெளியாள் வைத்தால் ஏமாற்றிவிடுவான், நானே வந்து போடுகிறேன் என்றார்.

புரிந்ததா, புரியவில்லையா? புரியவில்லை என்றுதான் தோன்றுகிறது. புரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாரா?

அக்டோபர் 24, வியாழன்

ட்ராகோவோடு சண்டை. அதுவும் நான் மட்டும்தான் போட்டேன்.

"நீ கேளு. உன் சிநேகிதன்தானே."

"நான் கேக்க மாட்டேன்."

"அப்ப பிள்ளைங்களை நிறுத்திடவா? ஆலையும் போச்சு, இதுவும் போனா நான் என்ன செய்யட்டும்? உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உட்காரவா?"

"கேட்டா அவன் மனசு உடைஞ்சிடும், யாஸ்னா."

"போலீஸ் வந்து நீக்கினா உடையாதா?"

"அது அரசாங்கம் செஞ்சது. நாம செஞ்சது இல்ல."

இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அரசாங்கம் செய்ததாகவே இருக்கட்டும். லூயோ அரசாங்கத்தைத்தான் வாரம் தவறாமல் திட்டுகிறாரே, இன்னும் ஒரு தடவை திட்டிவிட்டுப் போகட்டும்.

அக்டோபர் 28, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 1, வெள்ளி

சகல புனிதர் திருநாள். கல்லறை முழுக்க சாமந்திப் பூ. அம்மாவின் கல்லறைக்கு வழக்கம்போல லூயோவும் வந்தார். இரண்டு கனத்த பூத்தொட்டிகளைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து மேலே வரை தானே தூக்கினார், ட்ராகோவுக்கு முதுகுவலி என்று. காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. குனிந்து, கோட்டால் மறைத்துக்கொண்டு ஏற்றினார்.

"உங்கம்மா என்னை ஒருநாளும் திட்டினதில்ல, கூமா. ரூஜா விஷயத்துக்கு அப்புறம்கூட ரொட்டி கொடுத்து அனுப்பினாங்க."

சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சுற்றிலும் ஜனங்கள். கல்லறையில் வைத்தா சொல்வது? வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை.

நவம்பர் 9, சனி

லூயோ வலை போட வந்தார். துறைமுகத்திலிருந்து கிடைத்த நல்ல கயிறு, கொக்கிகள், ஏணி. ஜன்னல்களுக்குப் பூட்டும் அவரே மாட்டினார். ஒவ்வொன்றையும் மாட்டியபின் முழங்காலில் உட்கார்ந்து, ரோக்கோவின் உயரத்துக்கு வந்து, கையை எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கழுத வந்து இழுத்தாலும் வராது பாரு."

"கழுத இல்ல, யாகோவ்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

பிள்ளைகள் இருக்கும் நாளில் அவர் மேலே வருவதே இல்லை. நான் சொல்லி அல்ல, அவராகவே. இன்றைக்கும் சனிக்கிழமை என்று விசாரித்துக்கொண்டுதான் வந்தார். இதை ஏன் நான் இதற்கு முன்பு கவனித்ததே இல்லை?

மூன்று கோப்பைக் காப்பி கொடுத்தேன். சொல்லவில்லை. மனு கொடுத்தாகிவிட்டது, இனிச் சொல்லி என்ன என்று இருந்தது. வலையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த அவர் முதுகைப் பார்க்க முடியாமல் சமையலறைக்குள் போய் நின்றேன். நான் எப்படிப்பட்டவள்?

நவம்பர் 14, வியாழன்

பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். சத்தம் போடாமல் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். நல்ல பையன்கள்.

"இவரு இங்க தூங்குறாரா?"

"இல்லீங்க."

"துணிமணி, சாமான் ஏதாவது?"

"இல்லீங்க."

"கடைசியா எப்ப இங்க இருந்தாரு?"

"இருந்ததே இல்லீங்க."

கீழே ஸ்மில்யாவிடமும் கேட்டார்கள். "மலைமேல குடிசையில இருக்காரு, ஞாயித்துக்கிழமை சாப்பிட வருவாரு" என்று சொன்னாளாம். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஸ்மில்யாவும் சொல்லவில்லை. எல்லாம் உண்மை. அப்படியும் அவர்கள் போனபின் கதவை இரண்டு தடவை பூட்டிப் பார்த்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

வந்தார்.

மருத்துவ அட்டை செல்லாது என்று மருந்துக் கடையில் சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்து நகராட்சிக்குப் போயிருக்கிறார். உதவிப் பணம் நின்றுவிட்டது. வீட்டு வரிசையிலிருந்தும் பெயர் போய்விட்டது, இடைவெளி இல்லாமல் ஊரில் பதிவு இருந்தால்தான் அந்த வரிசை. யார் எழுதிக் கொடுத்தது என்றும் காட்டியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு வெளியே, படிக்கட்டில் நின்றார். "உள்ள வாங்க" என்றேன். வரவில்லை.

"ஒரு வார்த்தை, கூமா. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிக் கேக்கிறதுன்னு..."

"அன்னிக்குச் சாப்பிடுறப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. நீ வாயைத் திறந்து கேப்பேன்னு காத்திருந்தேன். நானா எடுத்துக்கிட்டா உன்னைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்னு நினைச்சேன். என் அண்ணன் மக இதே ஊருல இருக்கா. கேட்டிருந்தா மறுநாளே அவ விலாசத்துக்கு மாத்தியிருப்பேன். வரிசையும் போயிருக்காது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளேயிருந்து டோன்கா, "தேத்தா, சூச்சூ" என்று கூப்பிட்டாள்.

"போ. பிள்ளை கூப்பிடுது" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

அடப் பாவி மனுஷா, புரிஞ்சிருந்தா ஏன்யா வாயை மூடிக்கிட்டு வலை கட்டிட்டுப் போனே? நான்தான் பாவி. நான்தான். ரெண்டு பேரும் மரியாதை பார்த்துக்கிட்டு, ரெண்டு பேரும் வாயே திறக்காம —

டிசம்பர் 6, வெள்ளி

அண்ணன் மகள் வீட்டுக்கு இப்போது போகலாமே என்று ட்ராகோ மலைக்குப் போய்க் கேட்டான். "எனக்கு இனிமே யாரு விலாசமும் வேண்டாம்" என்றாராம்.

டிசம்பர் 19, வியாழன்

பார்வையிட வந்தார்கள். அந்த ஆபீஸ் பெண்ணும் இன்னொரு ஆளும். படுக்கைகள், அலமாரி, வெந்நீர்க் குழாய், மருந்துப் பெட்டி, எல்லாம் பார்த்தார்கள். அந்த ஆள் வலையைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தார்.

"அருமையா போட்டிருக்காங்க. யாரு போட்டது? எங்க தங்கச்சி வீட்டுக்கும் வேணும்."

"தெரிஞ்சவரு ஒருத்தரு" என்றேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

கிறிஸ்துமஸ் முந்தின நாள். காய்ந்த மீனை மூன்று நாள் ஊறவைத்து, உருளைக்கிழங்கு போட்டு, எப்போதும் செய்கிற அளவே செய்துவிட்டேன். மூன்று பேருக்கான அளவு. ட்ராகோ ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனான். கதவு திறக்கவில்லையாம். உள்ளே வெளிச்சம் இருந்ததாம். வாசலில் வைத்துவிட்டு வந்தான். மகள் போன் பண்ணி "கூம் வந்தாச்சா?" என்று கேட்டாள். வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 30, திங்கள்

பதிவு வந்துவிட்டது. தேயா கேக் கொண்டுவந்தாள். யாகோவின் அப்பா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சந்தோஷமாக இருந்தது. எழுதிவைக்கிறேன், ஆமாம், சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த வயதில் என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்? இனி யாரும் என்னைக் கேட்க முடியாது. ட்ராகோ கேக்கைத் தொடவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

மலையிலிருந்து வடகாற்று. லாரிகளைப் பாலத்தில் விடவில்லை. பிள்ளைகள் மூவரும் வந்துவிட்டார்கள், வெளியே விட முடியாது, வீடு ரணகளம். காற்று வலையில் ஊளையிடுவதைக் கேட்டு டோன்கா பயந்தாள். மடியில் போட்டுக்கொண்டேன்.

அந்தக் குடிசையில் தகர அடுப்பு ஒன்றுதான். ட்ராகோ கோட்டைப் போட்டுக்கொண்டு, விறகு வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு போனான். இந்த முறை கதவைத் திறந்தாராம். இருமல். டாக்டரிடம் வா என்றால், "எந்த அட்டையைக் காட்டி வர்றது?" என்றாராம். விறகை வாங்கிக்கொண்டாராம், அதுவரை சந்தோஷம்.

ஜனவரி 27, திங்கள்

தேயா காலையில் பிள்ளையை விடும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"தேத்தா, வலை போட்டவருன்னு ஒருத்தரைச் சொன்னீங்களே, லூயோ. எங்க வார்டுல இருக்காரு. நுரையீரல்ல சளி கட்டிக்கிச்சு. தோட்டத்துக்குப் பக்கத்துல இருக்கிறவங்க யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்காங்க. யாரும் பார்க்க வரல."

ட்ராகோ அப்போதே போனான். பிள்ளைகள் போனதும் நானும் போகலாம் என்று புறப்பட்டேன். ஸ்வெட்டர் போட்டேன், ஷூ போட்டேன், வாசலில் நின்றேன். பிறகு கழற்றிவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

ஆஸ்பத்திரியின் சமூகப் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். லூயோவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் தனியாக இருக்க முடியாது. குடிசைக்கு அனுப்ப முடியாது. ஒரு விலாசம் இருந்தால் அனுப்புவார்களாம். அண்ணன் மகள் முடியாது என்றுவிட்டாள், சின்ன வீடு, மூன்று பிள்ளைகள். அவர் சட்டைப் பையில் எங்கள் நம்பர் இருந்திருக்கிறது.

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

"கூமா" என்றேன்.

"அப்ப சொந்தம் மாதிரிதான். கொஞ்ச நாளைக்கு உங்க வீட்டுல வச்சுக்க முடியுமா? முடியாதுன்னா உள்நாட்டுப் பக்கம் முதியோர் இல்லத்துல ஒரு இடம் இருக்கு. தூரம்தான். ஒரு தடவை அங்க போயிட்டாங்கன்னா திரும்பி வர்றது கஷ்டம்."

மகளின் அறை காலியாகத்தான் இருக்கிறது. கட்டில் இருக்கிறது. ஆனால் அவர் இந்த வீட்டில் படுத்தால் மறுநாளே பதிவு போய்விடும். மூன்று பிள்ளைகளும் போய்விடுவார்கள். டோன்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு என் காதில் பட்டுக்கொண்டிருந்தது.

"இடமில்லீங்க" என்றேன்.

ட்ராகோ கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் சொல்லியிருக்கலாம். வா, கூட்டிட்டு வந்துடலாம், பிள்ளைங்க போனா போகட்டும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன மறுத்திருப்பேனா? மறுத்திருப்பேனா? தெரியல. அவனும் சொல்லல. இந்த வீட்டுல யாருமே எதையும் சொல்றதில்ல.

பிப்ரவரி 6, வியாழன்

கொண்டுபோய்விட்டார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

நாலாவதாக ஒரு பிள்ளை சேர்ந்திருக்கிறது. லோட்டா, நடக்க இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறாள். அவள் அம்மா நேராகப் பதிவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தவள். "உங்க வீட்டைப் பத்தி எல்லாரும் நல்லபடியா சொன்னாங்க" என்றாள். ஸ்மில்யாவுக்கு அபராதம் போட்டுவிட்டார்கள். படியில் பார்த்தால் பேசுவதில்லை. நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைக்கிறாள். நினைக்கட்டும். நான் எழுதிக் கொடுக்கிறவள் என்று இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ட்ராகோ சனிக்கிழமைகளில் பேருந்து ஏறிப் போகிறான். எங்கே என்று சொல்வதில்லை, நான் கேட்பதுமில்லை. சீட்டுக்கட்டு அலமாரியில் இல்லை.

ஏப்ரல் 19, சனி

ஈஸ்டர் ரொட்டி சுட்டேன். முட்டைகளை வெங்காயத் தோலில் வேகவைத்துச் சிவப்பாக்கினேன். பன்றித் தொடையும் வேகவைத்தேன். கூடையைக் கோயிலுக்கு எடுத்துப்போய் மந்திரித்து வந்ததில் பாதியைத் தனியாகக் கட்டினேன். நானும் வரட்டுமா என்று ட்ராகோவைக் கேட்டேன். யோசித்துவிட்டு, "முதல்ல நான் கேட்டுட்டு வர்றேன்" என்றான். திங்கட்கிழமை கொண்டுபோகிறேன் என்று கட்டி வைத்ததை வாங்கிக்கொண்டான்.

ஏப்ரல் 21, திங்கள்

இன்றைக்கு விடுமுறை, பிள்ளைகள் இல்லை. ட்ராகோ காலை வண்டிக்குப் போய் இருட்டும் முன் வந்துவிட்டான். பாத்திரம் காலி. சாப்பிட்டாரா என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"முட்டை ஒண்ணு சாப்பிட்டான். மத்ததை அறையில இருக்கிறவங்களுக்குக் கொடுத்துட்டான்."

"எப்படி இருக்காரு?"

"இளைச்சிருக்கான். அங்க வெந்நீர் வருது. குளியலறை நல்லா இருக்கு."

"நான் வர்றதைக் கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

ட்ராகோ கோட்டைக் கழற்றி மாட்டினான். கொக்கியிலிருந்து நழுவியது, மறுபடி மாட்டினான்.

"'அவ்வளவு தூரம் வந்து எதுக்குச் சிரமப்படணும்? ரொட்டிக்கு நன்றின்னு மேடத்துக்கிட்ட சொல்லிடு'ன்னான்."

கல்யாணத்தன்று காலையில் கோயில் வாசலில் கூமா என்று கூப்பிட்ட மனிதர். அன்றிலிருந்து என்னை வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.